ரெண்டு பையும் ஒரே வயித்துக்குள்ளதான் போகுது: சுகருக்கு மூலிகை, ஒரு எளிய விளக்கம்

எங்க மெடிக்கல் ஷாப்புல இருந்து ரெண்டு கடை தள்ளி ஒரு நாட்டு மருந்துக்கடை இருக்கு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல பாத்தீங்கன்னா அங்க நிக்கிற அதே ஆளுங்கதான் கொஞ்ச நேரத்துல இங்கயும் வந்து நிப்பாங்க. ஒரு கையில நாவக்கொட்டைப் பொடி, ஆவாரம்பூ, சிறுகுறிஞ்சான் எல்லாம் கட்டின காக்கிக் கவர், இன்னொரு கையில எங்க கடை பை, அதுல ஒரு மாசத்துக்கான சுகர் மாத்திரை, மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும். "டாக்டர்கிட்ட இந்தப் பொடி சாப்பிடறேன்னு சொன்னீங்களாம்மா?"ன்னு கேட்டா "அய்யய்யோ, திட்டுவாரு தம்பி"ன்னு சிரிப்பாங்க. சரி, பொடி எழுதிக் குடுத்த வைத்தியர்கிட்ட மாத்திரை போடறதைச் சொன்னீங்களான்னு கேட்டா அதுக்கும் அதே சிரிப்புதான். ரெண்டு பேருக்கும் தெரியாம ரெண்டு பையும் ஒரே வயித்துக்குள்ள போகுது.

நான் டாக்டர் இல்ல, சித்த வைத்தியரும் இல்ல, டி.ஃபார்ம் முடிச்சிட்டு பதினெட்டு வருஷமா கவுண்டர்ல நிக்கிறவன். மூலிகைன்னாலே ஏமாத்து வேலைன்னு சொல்ற கோஷ்டியும் நான் இல்ல, அமிர்தம்னு சொல்ற கோஷ்டியும் இல்ல. ஒரு செடி சுகரைக் குறைக்குதுன்னா உடம்புல எந்த இடத்துல போய் குறைக்குது, எவ்வளவு குறைக்கும், கூடவே போற மாத்திரையோட சேர்ந்தா என்ன ஆகும், இதை மட்டும் புதுசா சுகர் வந்தவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லிப் பாக்கறேன். மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐசிஎம்ஆர் நாடு முழுக்க எடுத்த கணக்கு 2023-ல வந்துச்சு, இந்தியாவுல 10.1 கோடி பேருக்கு சுகர்னு. அதனால படிக்கிறவங்களுக்குப் பஞ்சம் இருக்காது.

முதல்ல ஒரு சின்ன கணக்கு, இது புரிஞ்சா மீதி எல்லாம் சுலபம். நம்ம உடம்புல சுமாரா அஞ்சு லிட்டர் ரத்தம் இருக்கு. ரிப்போர்ட்ல சுகர் 100-ன்னு போட்டிருந்தா 100 மில்லி ரத்தத்துல 100 மில்லிகிராம் சர்க்கரை இருக்குன்னு அர்த்தம். அஞ்சு லிட்டருக்கும் சேத்து கணக்குப் போட்டா 5 கிராம். ஒரு டீஸ்பூன், அவ்வளவுதான்! 200-ன்னு வந்தா ரெண்டு ஸ்பூன். மொத்த வியாதியும் அந்த எச்சா இருக்குற ஒரு ஸ்பூனுக்குள்ளதான் இருக்கு. ஆனா ஒரு கப் சோறு சாப்பிட்டா அதுல மட்டும் சுமார் 45 கிராம் மாவுச்சத்து, நாம யாரும் ஒரு கப்போட எந்திரிக்கிறதில்ல, அத்தனையும் குடல்ல உடைஞ்சு குளுக்கோஸாகி ரத்தத்துக்குள்ள வருது. அப்படி வந்தும் சுகர் இல்லாதவங்களுக்கு அந்த ஒரு ஸ்பூன் கணக்கு பெருசா மாறாம நிக்குதுன்னா, ஒரு பக்கம் வர வர இன்னொரு பக்கம் போய்க்கிட்டே இருக்குன்னுதானே அர்த்தம்.

வர்ற வழி ரெண்டு. ஒண்ணு குடல், அதாவது சாப்பாடு. இன்னொண்ணு கல்லீரல், இது நிறைய பேருக்குத் தெரியாது. "நைட்டு ரெண்டே ரெண்டு சப்பாத்திதான் சாப்பிட்டேன், காலையில வெறும் வயித்துல 160 எப்படிங்க வந்துச்சு?"ன்னு வாரத்துக்கு நாலு பேர் கேப்பாங்க. நாம தூங்கும்போதும் மூளைக்கு சர்க்கரை வேணுமே, அதுக்காகக் கல்லீரல் சேத்து வச்சதை எடுத்தும் புதுசா செஞ்சும் ரத்தத்துல விட்டுக்கிட்டே இருக்கும், இன்சுலின்தான் "போதும் நிறுத்து"ன்னு அதுக்குச் சொல்லணும், சுகர்காரங்களுக்கு அந்தச் சொல்லு சரியாக் கேக்காது. போற வழின்னா தசையும் கொழுப்பும், இன்சுலின் வந்து சொன்னா இதுங்க சர்க்கரையை உள்ள இழுத்துக்கும். அந்த இன்சுலினைச் செய்யறது கணையம். கடைசியா சிறுநீரகம், ரத்தத்துல சுமார் 180-ஐத் தாண்டினா அது பிடிச்சு வைக்க முடியாம சிறுநீர்ல விட்டுரும், அந்தக் காலத்துல எறும்பு மொய்க்குதான்னு பாத்து வியாதியைக் கண்டுபிடிச்சது இதனாலதான்.

ஆக குடல், கல்லீரல், கணையம், தசை, சிறுநீரகம். சுகருக்கு எந்த மருந்து குடுத்தாலும், அது ஸ்ட்ரிப்ல வந்தாலும் சரி பொட்டலத்துல வந்தாலும் சரி, பெரும்பாலும் இந்த அஞ்சுல ஏதோ ஒரு இடத்துல போய்த்தான் வேலை பாக்கணும். யாராவது ஒரு இலையைக் காட்டி "சுகரே ஓடிப் போயிரும்"னு சொன்னா நீங்க கேக்க வேண்டிய முதல் கேள்வி "எந்த இடத்துல?"

இப்ப ஒரு விஷயம் சொல்றேன், கவுண்டர்ல சொன்னா யாரும் நம்பறதில்ல. "இங்கிலீஷ் மருந்து"ன்னு பயப்படற மெட்ஃபார்மினே ஒரு செடியைப் பாத்து வந்ததுதான். ஐரோப்பாவுல கலேகான்னு ஒரு செடி இருக்கு, ஊதாவும் வெள்ளையுமா கொத்துக் கொத்தா பூக்கும், நாட்டு வைத்தியத்துல ரொம்ப காலமா இருந்துச்சு. அதுல இருக்குற கலேஜின்னு ஒரு பொருள் சுகரைக் குறைக்குதுன்னு கண்டுபிடிச்சு 1920-கள்ல மனுஷங்களுக்கே குடுத்துப் பாத்தாங்க. சுகர் குறைஞ்சுச்சு, ஆனா ஒத்துக்கல, அதுல நஞ்சு. அந்தச் செடியை மேஞ்சு ஆடுங்க செத்துப் போறது உண்டு. அந்தப் பொருளோட குடும்பத்துலயே கொஞ்சம் மாத்தி செஞ்சதுதான் மெட்ஃபார்மின், 1922-லயே செஞ்சாச்சு, ஆனா மருந்தா வந்தது 1957-ல ழான் ஸ்டெர்ன்னு ஒரு பிரெஞ்சு டாக்டர் நோயாளிகளுக்குக் குடுத்துப் பாத்து எழுதினதுக்கு அப்புறம்தான். அமெரிக்காவுல 1994 வரைக்கும் அனுமதியே குடுக்கல. இது முக்கியமா கல்லீரல்ல வேலை செய்யுது, ராத்திரி சர்க்கரை விடறதைக் குறைக்கும். இன்னைக்கு நம்ம ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசமா குடுக்கறாங்க, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து குடுத்துட்டுப் போறாங்க. வாங்கி வச்சிட்டு "மூலிகைதான் நல்லது"ன்னு பீரோவுல பூட்டி வைக்கிறவங்களை எனக்குத் தெரியும்.

இன்னொரு கதையும் இதே மாதிரிதான். 1835-ல ஆப்பிள் மரத்துப் பட்டையில இருந்து ஃபுளோரிசின்னு ஒண்ணைப் பிரிச்சு எடுத்தாங்க, காய்ச்சலுக்கு ஆகும்னு நெனச்சாங்க. அப்புறம் பாத்தா அது சர்க்கரையை சிறுநீர்ல தள்ளிவிடுது. அதை அப்படியே வாயால சாப்பிட்டா சரியா உடம்புல சேராது, பேதி வேற புடுங்கும். நூறு வருஷத்துக்கு மேல கழிச்சு அந்த அமைப்பைத் திருத்தித் திருத்திதான் இப்ப எல்லா பிரிஸ்கிரிப்ஷன்லயும் வர்ற டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைங்க வந்துச்சு. செடியில விஷயம் இருக்குங்கறது உண்மைதான். ஆனா செடிக்கும் மாத்திரைக்கும் நடுவுல இருந்த வேலை என்னன்னு பாருங்க: நஞ்சைக் கழிக்கிறது, அளவைக் கட்டறது, ஆயிரக்கணக்கான பேர்கிட்ட சோதிக்கிறது. நம்ம பொட்டலத்துல இருக்கறதுக்கு அந்த வேலை பாதிதான் நடந்திருக்கு, சிலதுக்கு நடக்கவே இல்ல.

சரி, பொட்டலத்தைப் பிரிப்போம்.

வெந்தயத்துல இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா எனக்கு இதுமேல கொஞ்சம் மரியாதை உண்டு. வெந்தயத்துல கிட்டத்தட்ட பாதி நார்ச்சத்து. ஊற வச்சா கொழகொழன்னு வருது பாத்தீங்களா, அந்தக் கொழகொழப்புதான் மருந்தே. அது குடல்ல சோத்தோட கலந்து ஒரு கூழ் மாதிரி ஆகி, சர்க்கரை ரத்தத்துல சேர்ற வேகத்தைக் குறைக்குது, அதனால சாப்பிட்ட ரெண்டு மணி நேரத்துல எகிறுற சுகர் கொஞ்சம் தணிஞ்சு வரும். ஹைதராபாத்ல இருக்குற தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்துல இதை 1980-கள்லயும் 90-கள்லயும் உக்காந்து சோதிச்சிருக்காங்க. ஆனா அவங்க குடுத்த அளவைக் கேட்டா ஆடிப் போயிருவீங்க, ஒரு நாளைக்கு 25 கிராம், சில சோதனையில அதுக்கும் மேல. ஒரு டீஸ்பூன் வெந்தயம் சுமார் 4 கிராம்தான். அப்ப 25 கிராம்னா ஆறு ஸ்பூன்! நம்ம ஆளுங்க காலையில ஒரு ஸ்பூன் வெந்தயத்தை மோர்ல போட்டு மெல்லாம முழுங்கிட்டு "சாப்பிட்டேன், ஒண்ணும் கேக்கல"ன்னு சொல்றாங்க. முழுசா முழுங்கினா அது முழுசாவே வெளிய போயிரும், கொழகொழப்பு எங்க வரும்? ஊற வச்சு மென்னு சாப்பிடணும், இல்ல பொடிச்சு சாப்பாட்டோட சேக்கணும், அதுவும் சாப்பாட்டுக்கு முன்னாடியோ கூடவோதான், ஏன்னா அது வேலை செய்யறது சாப்பாட்டு மேல. ஒரே நாள்ல ஆறு ஸ்பூன் ஆரம்பிச்சிராதீங்க, வயிறு உப்பி வீட்ல யாரும் பக்கத்துல உக்கார மாட்டாங்க, ஒரு ஸ்பூன்ல ஆரம்பிச்சு மெதுவா ஏத்தணும். இன்னொண்ணு, சர்க்கரையைத் தாமதப்படுத்தற அதே கூழ் மத்த மாத்திரையையும் தாமதப்படுத்தலாம், அதனால ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு மணி நேரம் விடறது நல்லது. ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாதிரி மாத்திரை எடுக்கறவங்க டாக்டரைக் கேக்காம இந்த அளவுக்குப் போகவே கூடாது. தாளிக்கிறதுக்குப் போடற வெந்தயத்தைப் பத்தி நான் பேசல, அது தாராளமா போடுங்க.

குடல்லயே வேலை செய்யற இன்னொண்ணு கடலழிஞ்சில். இலங்கையில சிங்களவங்க இதைக் கொத்தல ஹிம்புட்டுன்னு சொல்வாங்க, அந்தக் கொடியோட கட்டையிலயே குவளை கடைஞ்சு ராத்திரி தண்ணி ஊத்தி வச்சு காலையில குடிப்பாங்க. 1990-கள்ல ஜப்பான்காரங்க இதுல இருந்து சலாசினால்னு ஒரு பொருளைப் பிரிச்சாங்க. மாவுச்சத்தைச் சர்க்கரையா உடைக்கிற நொதியை அது தடுக்குது. எங்க கடையில விக்கிற வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரைங்களும் இதே வேலையைத்தான் செய்யுது. இலங்கையில 51 சுகர் நோயாளிங்களுக்கு இந்த டீயைக் குடுத்துப் பாத்ததுல ஹெச்பிஏ1சி, அதாவது மூணு மாசச் சராசரி சுகரைக் காட்டற டெஸ்ட், கொஞ்சம் இறங்குச்சு. சின்ன ஆய்வுதான், ஆனா எங்க வேலை செய்யுதுன்னும் தெரியுது, மனுஷங்ககிட்டயும் பாத்திருக்காங்க, அந்த வகையில இது பரவால்ல. நம்ம சித்த வைத்தியத்துல ஆவாரைக் குடிநீர்னு ஒண்ணு இருக்கே, ஆவாரை, கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோஷ்டம், மருதம்பட்டைன்னு ஏழு சரக்கு, அதுலயும் இது வருது.

சிறுகுறிஞ்சான் கதை தனி. சர்க்கரைக்கொல்லின்னே பேரு. இலை கிடைச்சா ஒரு தடவை வீட்ல செஞ்சு பாருங்க, ரெண்டு இலையை நல்லா மென்னு நாக்குல புரட்டிட்டுத் துப்பிட்டு, ஒரு ஸ்பூன் சர்க்கரையை வாயில போடுங்க. மணலை மெல்ற மாதிரி இருக்கும், இனிப்பே தெரியாது, லட்டு சாப்பிட்டா மாவு உருண்டை. அரை மணி நேரத்துல இருந்து ஒரு மணி நேரம் வரைக்கும் அப்படித்தான் இருக்கும். அதுல இருக்குற ஜிம்னீமிக் அமிலம் நாக்குல இனிப்பு உணர்ற இடத்தைப் போய் அடைச்சுக்குது, வேற ஒண்ணுமில்ல. இதைப் பாத்துட்டுத்தான் "நாக்குல இனிப்பைக் கொன்னா ரத்தத்துலயும் கொல்லும்"னு ஜனங்க முடிவு பண்ணிட்டாங்க. நாக்கு வேற, ரத்தம் வேற. ஆனாலும் ரத்தத்துல ஒண்ணுமே இல்லன்னும் சொல்ல முடியாது. 1990-ல வெளியான ஒரு ஆய்வுல சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதோட சாரத்தை 22 டைப் 2 நோயாளிங்களுக்கு (பெரும்பாலும் பெரியவங்களுக்கு வர்ற வழக்கமான சுகர்), அவங்க வழக்கமா போடற மாத்திரையோட சேத்து, தினம் 400 மில்லிகிராம்னு ஒன்றரை வருஷத்துக்கும் மேல குடுத்தாங்க. சுகர் இறங்குச்சு, மாத்திரை அளவைக் குறைக்க முடிஞ்சுது, அஞ்சு பேர் மாத்திரையே இல்லாம சமாளிச்சாங்க. கேக்க அருமையா இருக்கு. ஆனா இருபத்திரெண்டு பேர்தான், மருந்தே இல்லாத வெறும் மாத்திரையை இன்னொரு குழுவுக்குக் குடுத்து ஒப்பிட்டுப் பாக்கல, 22-ல 17 பேர் மாத்திரையை விடவும் இல்ல. வாட்ஸ்அப்ல சுத்தற மெசேஜ்ல அந்த அஞ்சு பேர் மட்டும் இருப்பாங்க, பதினேழு பேர் காணாமப் போயிருப்பாங்க. என்னைக் கேட்டா இந்த இலையோட நெசமான பலன் நாக்குலயேதான் இருக்கு. சாப்பிட்டு முடிச்சதும் ஸ்வீட்டுக்குக் கை போற பழக்கம் இருக்குறவங்க ஒரு இலையை மென்னுட்டா அந்த மைசூர்பாக் தப்பிச்சுது.

பாகற்காய் பத்தி எழுதாம விட்டா சண்டைக்கு வருவீங்க. தாய்லாந்துல ஒரு ஒழுங்கான சோதனை செஞ்சு 2011-ல வெளியிட்டாங்க, உலர்த்தின பாகற்காயை தினம் 2 கிராம்னு ஒரு குழுவுக்கு, மெட்ஃபார்மின் 1 கிராம்னு இன்னொரு குழுவுக்கு, நாலு வாரம். பாகற்காய் குறைச்சுது, ஆனா மெட்ஃபார்மின் குறைச்ச அளவுக்குக் குறைக்கல. 2 கிராமுக்குக் கீழ குடுத்தவங்களுக்குப் பெருசா ஒண்ணும் தெரியல. இது மாதிரி நாலு ஆய்வு, 479 பேர், எல்லாத்தையும் சேத்து வச்சு, மருத்துவ ஆய்வுங்களைத் திரட்டி அலசற காக்ரேன் குழு 2012-ல பாத்தப்போ உறுதியா பலன்னு சொல்ற அளவுக்கு எதுவும் தேறல. அதனால பாகற்காயைச் சாப்பாடா வச்சுக்கோங்க. ஒரு கப் சோத்தைக் குறைச்சு அந்த இடத்துல ஒரு கப் பாகற்காய் பொரியல் வந்தா அதுவே பெரிய வைத்தியம், ஆனா கசப்பு போகணும்னு வெல்லத்தை அள்ளிப் போட்டு பிட்லை வைக்கிறதுல என்ன லாபம்னு எனக்குத் தெரியல.

ஜூஸ்தான் எனக்குப் பயம். காலையில வாக்கிங் போற பார்க்குக்கு வெளிய வண்டியில விக்கறாங்க, பாகற்காய், சுரைக்காய், நெல்லிக்காய் எல்லாத்தையும் ஒண்ணா அரைச்சு. 2010-ல டெல்லியில சுகர் இருந்த ஒருத்தர் சுரைக்காயும் பாகற்காயும் கலந்த ஜூஸ் குடிச்சு இறந்தே போனார். வழக்கமா குடிக்கிறவர்தான். சில சுரைக்காய் கசக்கும், அந்தக் கசப்பு குக்குர்பிட்டாசின்னு ஒரு நஞ்சு, தனியா குடிச்சா நாக்கு காட்டிக் குடுத்துரும், பாகற்காயோட கலந்தா எந்தக் கசப்பு எதுல இருந்து வருதுன்னு எப்படித் தெரியும்? அதுக்கப்புறம் ஐசிஎம்ஆர் ஒரு குழு போட்டு, கசக்குற சுரைக்காய் ஜூஸைக் குடிக்காதீங்க, வேற காய் ஜூஸோட கலக்காதீங்கன்னு சொல்லிருச்சு. கர்ப்பமா இருக்குறவங்க பாகற்காய் ஜூஸ், பொடி ரெண்டுமே வேண்டாம்.

இன்சுலின் செடி. தொட்டியில வச்சு தினம் ஒரு இலை சாப்பிடறாங்க, பேரே பாதி விளம்பரம். பிரேசில்ல இருந்து வந்த செடி அது, அதுல இன்சுலின் கிடையாது. ஒரு பேச்சுக்கு இருந்ததுன்னே வச்சுக்கோங்க, இன்சுலின்ங்கறது ஒரு புரதம், வாயால சாப்பிட்டா முட்டையும் பருப்பும் மாதிரி வயித்துல செரிச்சுப் போயிரும். அப்படிச் செரிக்காம இருந்தா நாம ஏன் ஊசி போட்டுக்கறோம்? எலிகள்ல சுகர் குறைஞ்சதா ஆய்வுங்க இருக்கு, மனுஷங்கள்ல சொல்லிக்கற மாதிரி இல்ல.

நாவக்கொட்டைக்கும் கிட்டத்தட்ட அதே நிலைமைதான். பிரேசில்ல நாவல் இலை டீயை மனுஷங்களுக்குக் குடுத்துச் சோதிச்சப்போ ஒரு பலனும் தெரியல, கொட்டை வேறன்னு நீங்க சொல்லலாம், சரி. மசாலாவுக்குப் போடற லவங்கப்பட்டைக்கு ஒரு எச்சரிக்கை மட்டும், மளிகைக் கடையில கெட்டியா மரப்பட்டை மாதிரி இருக்கறது பெரும்பாலும் கேசியாங்கற வகை, அதுல கூமரின்னு ஒரு பொருள் அதிகம், தினம் ஸ்பூன் கணக்குல போனா கல்லீரலுக்கு ஆகாது. மெல்லிசா சுருட்டு மாதிரி சுருண்டு வர்ற இலங்கைப் பட்டையில அது ரொம்பக் கம்மி. சுகர் குறையும்ங்கறதுக்கு ரெண்டுலயுமே நம்பற மாதிரி ஆதாரம் இல்ல, பிரியாணிக்குப் போடுங்க.

ஆவாரம்பூவை விட்டுட்டேன் பாருங்க. ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோன்னு நம்ம ஊர்ல சொல்லியே வச்சுட்டாங்க. இதுலயும் எலி ஆய்வுதான் நிறைய. ஆனா எங்க அம்மா விஷயத்துல இது வேலை செஞ்சுது, எப்படின்னு சொல்றேன். அவங்க ஒரு நாளைக்கு நாலு டீ குடிப்பாங்க, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை, "கொஞ்சமா"ன்னு சொல்லிட்டு. எட்டு ஸ்பூன்னா 40 கிராம். யாரோ சொல்லி மூணு டீயை விட்டுட்டு அந்த இடத்துல ஆவாரம்பூ போட்டுக் கொதிக்க வச்ச தண்ணி குடிக்க ஆரம்பிச்சாங்க, சர்க்கரை போடாம. மூணு மாசத்துல ஹெச்பிஏ1சி 8.1-ல இருந்து 7.4-க்கு வந்துருச்சு, மாத்திரை அப்படியேதான் இருந்துச்சு. பூ குறைச்சுதா, காணாமப் போன முப்பது கிராம் சர்க்கரை குறைச்சுதான்னு நான் கேட்டா அம்மாவுக்குக் கோவம் வரும், அதனால கேக்கறதில்ல.

இப்ப ரெண்டு பை விஷயத்துக்கு வர்றேன். மூலிகைக்கு சைட் எஃபெக்ட் கிடையாதுன்னு ஒரு பேச்சு இருக்கு. யோசிச்சுப் பாருங்க, அது சுகரைக் குறைக்கும்னா கூடுதலாவும் குறைக்கும்தானே? கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரைங்க கணையத்தைப் பிழிஞ்சு இன்சுலினை வெளிய கொண்டு வர்ற வகை, சாப்பிட்டீங்களா இல்லையான்னு அதுக்குத் தெரியாது. அது மேல பாகற்காய் ஜூஸோ சிறுகுறிஞ்சான் பொடியோ சேர்ந்து, அன்னைக்குன்னு பாத்து சாப்பாடும் லேட்டானா சுகர் 70-க்குக் கீழ போயிரும். கை நடுங்கும், குப்புன்னு வேர்க்கும், படபடன்னு வரும், பேச்சு குழறும், வயசானவங்கன்னா சும்மா எரிஞ்சு விழுவாங்க, வீட்ல இருக்குறவங்க கோவம்னு நெனச்சு விட்டுருவாங்க. எங்க கடை வாசல்லயே ஒரு பெரியவர் அப்படி உக்காந்துட்டார். மீட்டர் வச்சுப் பாத்தா 48. குளுக்கோஸ் பவுடர் மூணு ஸ்பூன் தண்ணில கலக்கிக் குடுத்து, கால் மணி நேரம் கழிச்சுத் திரும்பப் பாத்து, அப்புறம் பன் வாங்கிக் குடுத்து, தெளிஞ்சதும் விசாரிச்சா ஒரு வாரமா புதுசா ஏதோ பொடி. மயங்கிட்டாங்கன்னா வாயில எதுவும் ஊத்தாதீங்க, 108-ஐக் கூப்பிடுங்க. வோக்லிபோஸ் வகை மாத்திரை போடறவங்களுக்கு சாதா சர்க்கரை சீக்கிரம் ஏறாது, குளுக்கோஸ்தான் குடுக்கணும், அதனால வீட்ல ஒரு டப்பா குளுக்கோஸ் எப்பவும் இருக்கட்டும்.

அந்தப் பொடி சமாச்சாரத்துல இன்னொரு வில்லங்கமும் உண்டு. லேபிள்ல எல்லாம் மூலிகைன்னு போட்டு உள்ள கிளிபென்கிளமைடோ மெட்ஃபார்மினோ கலந்து வித்ததைப் பல நாடுகள்ல லேப்ல கண்டுபிடிச்சிருக்காங்க. "ரெண்டே நாள்ல சுகர் இறங்கிருச்சு, என்ன பவரு பாத்தியா"ன்னு யாராவது சொன்னா எனக்கு முதல்ல அந்த சந்தேகம்தான் வரும், இலை அவ்வளவு வேகமா வேலை செய்யாது. 2004-ல வந்த ஒரு ஆய்வுல, அமெரிக்காவுல பாஸ்டன் பக்கத்துக் கடைகள்ல வித்த தெற்காசிய ஆயுர்வேத மருந்துங்க 70-ஐ எடுத்துப் பாத்ததுல 14-ல ஈயம், பாதரசம், ஆர்சனிக் மாதிரி உலோகம் இருந்துச்சு. கொரோனா சமயத்துல எல்லாரும் குடிச்ச சீந்தில் இருக்கே, அதைச் சாப்பிட்டவங்கள்ல சிலருக்குக் கல்லீரல் கெட்டதா மும்பை டாக்டர்ங்க 2021-ல எழுதினாங்க, ஆயுஷ் அமைச்சகம் அதை ஒத்துக்கல, வேற செடியோட குழம்பிட்டாங்கன்னு சொன்னுச்சு. யார் சொன்னது சரின்னாலும், பொடியாக்கிட்டா எந்தச் செடின்னு வாங்கற நமக்குத் தெரியாதுங்கறது அப்படியேதான் இருக்கு. அதனால பேரில்லாத பொடி வேண்டாம். சித்த மருந்துதான் வேணும்னா பி.எஸ்.எம்.எஸ்.ங்கற சித்த மருத்துவப் பட்டம் படிச்ச டாக்டர்கிட்ட போங்க, நிறைய அரசு ஆஸ்பத்திரியில சித்தா பிரிவு இருக்கு, தாம்பரம் சானடோரியத்துல தேசிய சித்த மருத்துவ நிறுவனமே இருக்கு, போகும்போது மாத்திரைச் சீட்டையும் எடுத்துட்டுப் போங்க.

சிலர் இந்த விளையாட்டுக்கே வரக்கூடாது. டைப் 1, அதாவது பெரும்பாலும் சின்ன வயசுலயே இன்சுலின் ஊசியில இருக்குற பிள்ளைங்க, அவங்க கணையத்துல இன்சுலின் கிட்டத்தட்ட சுத்தமா இல்ல. ஒரு இலையை நம்பி ஊசியை நிறுத்தினா சில நாள்லயே உயிருக்கு ஆபத்து வரும். 1922-ல டொராண்டோவுல முதல் முதலா ஒரு பையனுக்கு இன்சுலின் போடற வரைக்கும் அந்தப் பிள்ளைங்களைப் பட்டினி போட்டுத்தான் கொஞ்ச நாள் காப்பாத்தி வச்சிருந்தாங்க. ரத்தத்துல கிரியாட்டினின் ஏறினவங்க, அதாவது சிறுநீரகம் சரியா வேலை செய்யாதவங்க, கர்ப்பிணிங்க, ஆபரேஷனுக்குத் தேதி குறிச்சவங்க, இவங்களும் டாக்டர்கிட்ட சொல்லாம ஒரு பொட்டலமும் பிரிக்கக் கூடாது.

மத்தவங்க, சுகர் ஓரளவு கட்டுக்குள்ள இருக்கு, டாக்டருக்கும் தெரியும், எனக்கு ஒண்ணை முயற்சி பண்ணிப் பாக்கணும்னா, ஒண்ணே ஒண்ணை மட்டும் எடுங்க. சுகர்னு தெரிஞ்ச அன்னைக்கே ஸ்வீட்டை விட்டு, வாக்கிங் ஆரம்பிச்சு, மாத்திரை போட்டு, கூடவே நாலு பொடியும் சாப்பிட்டா, குறைஞ்சது எதனாலன்னு அந்த ஆண்டவனுக்கே தெரியாது, ஆனா பேரு மட்டும் பொடிக்குப் போயிரும். மீட்டரையும் ரொம்ப நம்பாதீங்க, நல்ல மீட்டரே 15 சதவீதம் முன்னப் பின்ன காட்டலாம்னுதான் விதியே இருக்கு. நேத்து 155 இன்னைக்கு 140-ன்னா அது மருந்து இல்ல, மீட்டராவும் இருக்கலாம். ஒரு நாள் ரீடிங்கை விட்டுட்டு ரெண்டு வாரத்துச் சராசரியைப் பாருங்க, மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஹெச்பிஏ1சி பாருங்க.

எங்க கடைக்கு ஒரு ரிட்டயர்டு கண்டக்டர் வருவார், டிக்கெட் கணக்கு எழுதின கை, ஒரு நோட்டு போட்டிருக்கார். ரெண்டு வாரம் எதுவும் சேக்காம, மாத்திரையும் அதே சாப்பாடும் மட்டும், தினம் காலையில ஒரு ரீடிங், மதியம் சாப்பிட்டு ரெண்டு மணி நேரத்துல ஒரு ரீடிங். அடுத்த ரெண்டு வாரம் மதிய சாப்பாட்டுக்கு முன்னாடி ரெண்டு ஸ்பூன் ஊறின வெந்தயம். காலை ரீடிங்ல வித்தியாசமே இல்ல, மதியத்துது சராசரியா 22 இறங்கியிருக்கு. குடல்ல வேலை செய்யறது குடல் கணக்குலதான் தெரியும்னு நான் சொன்னதும் அவருக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் நாவக்கொட்டைப் பொடிக்கும் அதே மாதிரி ரெண்டு வாரம் ஓட்டினார், ரெண்டு ரீடிங்கும் அசையல. மீதி இருந்த பொடியைக் கொண்டு போய் நாட்டு மருந்துக்கடைக்காரர்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டார், அவர் காசைத் திருப்பித் தரலங்கறது வேற கதை. போன செக்கப்புக்கு அந்த நோட்டையே தூக்கிட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டினாராம், திட்டலையாம், பதினஞ்சு நிமிஷம் உக்காந்து படிச்சாராம்.

முந்தாநாள் வந்தார். "தம்பி, அடுத்து கோவைக்காய். ஒரு பாட்டில் மீட்டர் ஸ்ட்ரிப் எடுத்து வை."